ரேடியோ தப்பாகச் சொன்ன முடிவு

போன மாதம் மகள் வீட்டில், ஒரு பழைய ஆங்கிலக் காதல் நாவலை ஆறு பாகங்களாக எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆறு பாகத்தையும் இரண்டே மாலைகளில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் கவலைப்பட நேரமே இல்லை. கவலைப்படாமல் காதல் கதை பார்த்து என்ன பிரயோஜனம்? எடுத்தவிதத்தில் குறை சொல்லமாட்டேன். கதாநாயகி கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் நிற்கிற இடம் நாவலில் இருந்திருக்காது. அது எடுத்தவர்களின் கைவேலை என்று நினைக்கிறேன். ஆனாலும் நடுவில் எழுந்து நாற்காலிகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு நாற்காலி, மூன்று பேர். அதில் ஒருவர் போனில் இருந்தார்.

அந்தக் காலத்தில், பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் நாற்காலி இரண்டுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை வாசலில் செருப்பு மட்டும் இருபது ஜோடிக்குக் குறையாது. ரேடியோவில் தொடர் நாடகம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. எங்கள் சந்தில் முதல் ரேடியோ நான் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. ரேடியோ வைத்திருக்க வாங்கிய லைசென்ஸைப் புதுப்பித்தோமா, கரண்ட் ஏறி இறங்கி வால்வு போய்விடுமா, கூரைமேல் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ஏரியல் கம்பியில் இடி விழுமா என்று ஒவ்வொன்றுக்கும் பயம். பெங்களூரில் மதராஸ் நிலையம் பொழுது சாய்ந்த பிறகுதான் ஒழுங்காகக் கேட்கும். அதுவும் அலை அலையாக வரும், போகும்.

ஒரு நாள் அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய தமிழ்க் காதல் நாவலை, ஞாயிற்றுக்கிழமைதோறும், பதின்மூன்று வாரம் நாடகமாகப் போடப்போகிறார்கள் என்று. நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண். அங்கே கால்வாய் வெட்ட வந்த ஓவர்சியர் ஒருவர். வேலையை முன்னிட்டு அவர் வந்து வந்து போகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வரும்வரை தினமும் சாயங்காலம் ஜன்னலில் விளக்கு வைப்பதாக அவள் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை.

அறிவிப்பைக் கேட்டதும் அம்மா அரிசி களைந்த கையோடு ஓடிவந்தாள்.

"இன்னாடா சொன்னான்? நம்ப கதையா?"

"ஆமாம்மா."

"ஏங்க, கேட்டீங்களா? நம்ப கதை வருதாம்!"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அம்மா அதை 'நம்ப கதை' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நைனா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். சுதந்திரம் வந்த சமயம் நாங்கள் அங்கே ஒரே அறை லைன் வீட்டில் இருந்தோம். நைனா நாலாம் வகுப்புவரை படித்தவர். அம்மா வடார்க்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எழுத்து தெரியாது. அந்த நாவல் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டு, நைனா மரப்பெட்டிமேல் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையை உரக்கப் படிப்பார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். நல்ல இடம் வந்தால் கீரை அப்படியே நிற்கும். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கத்தரித்து, ஊசி நூல் கோத்துத் தைத்து, அட்டை போட்டு வைத்தார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் செய்கிற காரியம்தான். அம்மா அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பெங்களூருக்கு வந்தபோது அந்தப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அறிவிப்பு வந்த அடுத்த நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது நைனா பஸ் ஸ்டாப்புவரை கூடவே வந்தார். சுரங்கத் தூசி அவர் நெஞ்சைத் தின்றிருந்தது. பத்தடி நடந்தால் நிற்கவேண்டும். அப்படிப்பட்டவர் வந்தார் என்றால் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பதற்றம்.

"டேய், அந்தக் கதையில கடைசியில அந்தப் பொண்ணு செத்துப்பூடுறா."

"தெரியும் நைனா. நான்தான் படிச்சிக்கீறனே."

"உங்கம்மாவுக்குத் தெரியாது."

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கடைசி வாரம் வந்தப்போ உன் தங்கச்சி போயி ஒரு மாசம்கூட ஆவல. காய்ச்சல்ல போன கொழந்தை. அதுல அந்தப் பொண்ணும் காய்ச்சல்லதான் சாவுறா. உங்கம்மா கீரையைக் கையில வெச்சிகினு என் மூஞ்சியவே பார்த்துகினு கீறா. எப்படிடா படிக்கறது? ஓவர்சியர் வந்து கதவைத் தட்டுறான், அவளே வந்து தொறக்கறா அப்படின்னு படிச்சிட்டேன்."

சிறு வயதில் நான் அதைக் கேட்டிருக்கவேண்டும். பிறகு பெரியவனாகி அந்தத் தைத்த புத்தகத்தைப் படித்தபோது முடிவு வேறாக இருந்தது. கேட்கும்போது தூங்கிவிட்டிருப்பேன் போல என்று விட்டுவிட்டேன்.

"இத்தினி வருஷமா அவ உசுரோட கீறான்னுதான் உங்கம்மா நெனச்சிகினு கீறா. ரேடியோக்காரன் வந்து சாவடிக்கப் போறான். கடைசி வாரம் மட்டும் நீ அந்த ஏரியலைக் கழட்டிடு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அன்று ஸ்டோர்ஸில் ஒரு பெட்டி வாஷரை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் மூன்று கணக்கு வந்தது.

நாடகம் தொடங்கியது. இன்று நினைத்தாலும் அதைச் செய்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. நாவலில் அந்தப் பெண் காத்திருப்பதை ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். ரேடியோவில் அதற்கு ஒரே ஒரு சத்தம்தான். ஒவ்வொரு வாரமும் நாடகம் முடியும்போது, பேச்சு எல்லாம் நின்ற பிறகு, ஒரு தீக்குச்சி உரசும். சர்ரென்று ஒரே உரசல். அவள் விளக்கேற்றிவிட்டாள். அதற்குமேல் இசை கிடையாது, பேச்சு கிடையாது. ஏரித் தண்ணீரை ஏதோ தொட்டியில் கையை விட்டு அளைந்துதான் செய்திருப்பார்கள். அந்தத் தீக்குச்சி மட்டும் உண்மையானது. ஒரே உரசலில் பற்றவைக்கிற பெண் எப்படிப்பட்டவள் என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்துபோனது. நாவலில் இருந்த ஒரு சித்தப்பாவையும் ஒரு கணக்குப்பிள்ளையையும் ரேடியோக்காரர்கள் எடுத்தே விட்டார்கள். நல்ல காரியம். அந்தச் சித்தப்பா புத்தகத்தில் ஐந்து அத்தியாயத்துக்கு வந்து ஒன்றுமே செய்யமாட்டார்.

பக்கத்து வீட்டில் தையல் கடை பாய். எதிர்வீட்டில் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா. எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், பாதி புரியும், முழுசாக அழுவார். இவர்கள் மூவரும் தவறாமல் முன்வரிசை. பின்னால் சந்து முழுவதும்.

பாய்க்கு அந்த ஓவர்சியர்மேல் தீராத கோபம்.

"அரே, என்னா மனுஷன் இவன்? கால்வா வெட்டத் தெரியுது, ஒரு கார்டு வாங்கி எழுதத் தெரியாதா?"

"எழுதினா கதை மூணாம் வாரமே முடிஞ்சிடும், பாய்," என்றார் டீச்சரம்மா.

"முடியட்டுமே! நாலாம் வாரம் கல்யாணம் வையி, அஞ்சாம் வாரம் பிரியாணி வையி. யார் வேணாம்னா?"

ஒரு வாரம், தீக்குச்சிச் சத்தம் வரப்போகிற நேரத்தில் பாய் தன் பீடிக்காகத் தீக்குச்சியை உரசிவிட்டார். ரேடியோவில் உரசியது எது, பாய் உரசியது எது என்று தெரியாமல் போய்விட்டது. "யாரய்யா அது!" என்று அறையே எகிறியது. அன்றுமுதல் பாய் வாசலில் நுழையும்போதே தீப்பெட்டியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடானது.

அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். நாடகத்தில் ஒரு வரி முன்னே பின்னே ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும். "இல்ல, கம்மல் இப்ப குடுக்கமாட்டான், அடுத்த தபா வரும்போதுதான்," என்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னதுதான் புத்தகத்தில் இருக்கும். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நைனா இருமுவார். இருமல் வந்து இருமினாரா என்று எனக்குச் சந்தேகம்.

நான் போய் டீச்சரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கதை தெரியும். வாய் தவறி முடிவைச் சொல்லிவிட்டால் என்ன ஆவது?

"நான் சொல்லமாட்டேன் தம்பி. ஆனா ரேடியோ சொல்லிடுமே," என்றார்.

நைனாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சித்தப்பாவை எடுத்துவிட்டார்கள், கணக்குப்பிள்ளையை எடுத்துவிட்டார்கள், அதுபோலச் சாவையும் எடுத்துவிடக்கூடும். பத்தாம் வாரம் கம்மலை முன்னாலேயே கொடுக்கவைத்தார்கள். "பாத்தியா, மாத்தறாங்க," என்று என் காதில் சொன்னார். பதினோராம் வாரம் ஓவர்சியர் ரயில் ஏறினார். பன்னிரண்டாம் வாரம் ரயில் வழியில் நின்றது. அந்த வாரம் எங்கள் சந்தில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

கடைசி ஞாயிறு. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏணி போட்டுக் கூரையில் ஏறினேன். ஏரியல் முடிச்சு என் கையில் இருந்தது. ஒரு இழு இழுத்தால் போதும், காற்றில் அவிழ்ந்தது என்று சொல்லிவிடலாம். கீழே நைனா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"டேய், நல்லா இறுக்கிக் கட்டுடா! காத்து அடிக்குது. பதிமூணு வாரம் கேட்டுட்டு இன்னிக்கி போச்சுன்னா என் உசுரே போயிடும்."

இறுக்கிக் கட்டினேன். வேறு என்ன செய்வது? இறங்கியபோது நைனா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்; தங்கவயலில் உட்கார்ந்து படித்த அதே பெட்டி. வாசலில் செருப்பு முப்பத்தொரு ஜோடி. அதுபோக ஒரு ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி எங்கே போனது என்று நாடகம் தொடங்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று ரேடியோ அநியாயத்துக்குத் தெளிவாகக் கேட்டது. ஓவர்சியர் ஊருக்குள் வருகிறார். தண்ணீர்ச் சத்தம். தவளைச் சத்தம். தூரத்தில் ஜன்னல். நாங்கள் வழக்கமாக நாடகத்தின் கடைசியில் கேட்கிற தீக்குச்சி அன்று நடுவிலேயே வந்தது. உரசியது, பற்றவில்லை. மறுபடி உரசியது; பற்றவில்லை. மூன்றாவது தடவை பற்றியது.

எண்ணுகிறவன் என்பதால் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இது வேறு கை. பன்னிரண்டு வாரம் எங்களுக்கு ஒரே உரசலைப் பழக்கிவைத்தது இந்த மூன்று உரசலுக்காகத்தான். புத்தகத்தில் இது இல்லவே இல்லை. அந்த நிமிஷம் நாடகம் செய்தவர்களை மெச்சவும் செய்தேன், சபிக்கவும் செய்தேன். டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்தது அவளுடைய தங்கை. அக்கா ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள், விளக்கை மட்டும் விடாமல் ஏற்றச் சொன்னாள் என்றாள். அதோடு நாடகம் முடிந்தது.

அறையில் மூக்குறிஞ்சுகிற சத்தம். வீட்டுக்காரம்மா, செத்தா போய்விட்டாள் என்று கன்னடத்தில் டீச்சரம்மாவைக் கேட்டுவிட்டு, "அய்யோ பாப, அய்யோ பாப," என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நைனா தரையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா மட்டும் அழவில்லை. ரேடியோவையே முறைத்துப் பார்த்தாள்.

"தப்பு," என்றாள்.

"இன்னா தப்பு?" என்றார் நைனா.

"முடிவு தப்பு. பொஸ்தகத்துல அப்படியில்ல. அவளே வந்து தொறப்பா."

"ரேடியோவுல மாத்திக்கீறாங்க போல கீது."

"அதான் சொல்றேன். தப்பா போட்டுட்டான். இத்தினி சனமும் அழுதுகினு வூட்டுக்குப் போவணுமா? பொட்டியில பொஸ்தகம் கீது. எழுந்திருங்க, எழுந்திருங்க. படிச்சிக் காட்டுங்க."

நைனாவை எழுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்து, சேலைத் துண்டைப் பிரித்து, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா நைனாவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அங்கிருந்து பக்கம் நன்றாகத் தெரியும்.

நைனா கடைசி அத்தியாயத்தை எடுத்தார். அச்சில் இருந்தபடியே தொடங்கினார். மூன்று வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். ஏரிக்கரை, தவளை, ஜன்னல் விளக்கு. ஓவர்சியர் கதவருகே வந்தார். அச்சில் இருந்ததை அதோடு விட்டுவிட்டார். நைனா பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே படித்தார்.

"ஓவர்சியர் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. திறந்து... அங்கே..."

நின்றுவிட்டார். பதினைந்து வருஷத்துக்குமுன் வாய்க்கு வந்ததைச் சொன்னவர். என்ன சொன்னோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"மழை," என்றாள் அம்மா.

"ஆங். மழை பெய்தது."

"அது கதவுக்கு முன்னாடி. மழை பெய்யும், காத்துல விளக்கு அணையும், அப்புறம்தானே தொறப்பா? வரியை விட்டுட்டீங்க, மேல பாருங்க."

நைனா மேலே பார்த்தார். அங்கே மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிஜ இருமல். தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை.

"அவரால ஆவாது. டீச்சரம்மா, நீங்க படிங்க," என்று அம்மா புத்தகத்தை வாங்கி டீச்சரம்மாவிடம் நீட்டினாள்.

டீச்சரம்மா வாங்கிக்கொண்டார். அவர் கண் அந்தப் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்தேன். தங்கை, ஆடி, காய்ச்சல், எல்லாம் கறுப்பு மையில் அங்கே இருந்தது. நைனாவைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"இந்தக் கண்ணாடி தூரத்துக்குத்தான்மா. பொடி எழுத்து தெரியமாட்டேங்குது."

அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவர் தினமும் பேப்பரின் வரி விளம்பரம்வரை படிப்பார்.

"அப்ப குடுங்க," என்றாள் அம்மா. "எனக்கே பாடம்."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து சொன்னாள். வாழ்நாள் முழுவதும் 'கீது', 'வந்துகினு' என்று பேசியவள், நைனா அன்று படித்த அதே புத்தகத் தமிழில் சொன்னாள்.

"மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஜன்னல் விளக்கு அணைந்தது. ஓவர்சியர் இருட்டில் நின்று கதவைத் தட்டினார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அங்கே அவளே நின்றாள்." ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "அவனைப் பார்த்து, 'சாப்டீங்களா?'ன்னு கேட்டா. அவ்ளோதான் கதை."

யாரோ பின்னால் கை தட்டினார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு டீச்சரம்மா கன்னடத்தில் சொன்னதும் அவர் மறுபடியும் அழுதார்.

"அப்படிச் சொல்லு!" என்றார் பாய். "அந்த ரேடியோக்காரன்மேல கேஸ் போடணும். நல்லா இருந்த பொண்ணைக் கொன்னுட்டான் பாவி."

போகும்போது டீச்சரம்மா நைனா பக்கம் குனிந்து, "நான் படிச்சது வேற பதிப்பு போலிருக்கு ஐயா. உங்களதுதான் நல்லாயிருக்கு," என்றார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

கூட்டம் கரைந்த பிறகு அவருக்குக் காற்று வேண்டும் என்று வாசலில் நாற்காலி போட்டேன். தூறல் ஆரம்பித்திருந்தது. அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேயே கிடந்தது. நைனா அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மழை நான் சொன்னதுதான். இப்ப ஞாபகம் வருது," என்றார். "விளக்கு அணையறதும் நான்தான். ஆனா 'சாப்டீங்களா'ன்னு அவ கேட்டான்னு நான் படிக்கலடா. கதவு தொறந்ததோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல அன்னிக்கி எனக்கு வரல."

பத்திரிகையில் ஒன்று, ரேடியோவில் ஒன்று, நைனாவுடையது ஒன்று என்று அந்தக் கதைக்கு மூன்று முடிவு இருப்பதாக அதுவரை கணக்கு வைத்திருந்தேன். நாலு என்று திருத்திக்கொண்டேன்.

உள்ளே பாய் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. அவருக்காக அம்மா மறுபடியும் மழையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி அவர் கைக்குத் திரும்ப வந்திருக்கவேண்டும். நடுவில் சர்ரென்று உரசுகிற சத்தம் கேட்டது. ஒரே உரசல். யாரும் அதட்டவில்லை.